பயிருக்கு இட்ட வேலி

எமது நாட்டின் கடல்வாயில்களிலே நெடுங்காலமாக இரண்டு காவல்கள் நிற்கின்றன. ஒன்று, வெளியிலிருந்து வரும் மனிதரோடு நோய் வராமல் மறிப்பது. மற்றொன்று, வெளியிலிருந்து வரும் செடி, விதை, மண் ஆகியவற்றோடு பயிர்நோய் வராமல் மறிப்பது. முன்னையது 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்திலே உறுதியான வடிவம் பெற்றது. பின்னையதற்கு அதற்கு முன்னும் பின்னுமாகச் சிற்சில விதிகள் இருந்தபோதிலும், அது முழுமையான சட்டமாக 1924ஆம் ஆண்டிலேதான் எழுந்தது.

பயிர்த் தொற்றுத்தடை என்றதும், அது விவசாயத் திணைக்கள உத்தியோகத்தருக்கும் துறைமுகச் சுங்கத்தாருக்கும் மட்டுமே உரிய விடயம் என்று நம்மிற் பலர் எண்ணி ஒதுங்கிவிடுகின்றோம். அவ்வாறு ஒதுங்குவது பிழை. இந்நாட்டு மக்களில் ஒரு பெரும் பகுதியினர் இங்கே நிலைகொண்டதற்கும், கண்டிக் கிராமத்துக் குடியானவன் தன் வயலை இழந்ததற்கும், இன்று நாம் அருந்தும் தேநீருக்கும் பின்னால் அந்தச் சட்டம் இல்லாதிருந்த ஒரு காலத்தின் வரலாறு கிடக்கிறது. அச்சட்டம் எவ்வாறு பிறந்தது, யாருடைய பயிரைக் காத்தது, யாரைக் காவாது விட்டது என்பவற்றை ஆராய்வதே எமது நோக்கம்.

கண்ணாடிப் பேழையில் வந்த விருந்தாளிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானிய ஏகாதிபத்தியத்துக்குச் செடிகள் பெருஞ் செல்வமாயிருந்தன. ஒரு கண்டத்துச் செடியை மறு கண்டத்தில் நட்டு, மூன்றாவது நாட்டு மக்களின் உழைப்பைக்கொண்டு வளர்த்து, இலண்டன் சந்தையில் விற்பதே அதன் வேளாண்மைக் கொள்கை. 1821இல் நிறுவப்பெற்ற பேராதனைப் பூங்கா இக்கொள்கையின் கருவிகளுள் ஒன்று. தேயிலை 1824இல் சீனத்திலிருந்து பேராதனைக்கு வந்தது. 1839இல் அசாமிலிருந்து வந்தது. இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட் என்பார் கண்டுபிடித்த கண்ணாடிப் பேழை, கடற்பயணத்தில் இளஞ்செடி உப்புக்காற்றால் வாடாமற் காத்தது. செடி மட்டுமா அப்பேழையில் வந்தது? அதன் வேரைச் சூழ்ந்த மண் வந்தது. மண்ணிலுள்ள புழுவும், இலையின் கீழ் ஒட்டியிருந்த பூச்சியும், கண்ணுக்குத் தெரியாத வித்திகளும் உடன்வந்தன. அவற்றைப் பார்க்கவோ தடுக்கவோ எவருக்கும் நினைவு எழவில்லை. செடி வரவேற்கப்பட்ட விருந்தாளி. விருந்தாளியின் மூட்டையை யார் சோதிப்பார்?

மலைநாட்டிலே அக்காலத்திற் கோப்பி ஆட்சி செய்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமை எனக் கொண்டது. அங்ஙனம் கொள்ளப்பட்ட நிலங்கள் துரைமாருக்கு விற்கப்பட்டன, காடுகள் வீழ்த்தப்பட்டன. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் நிலத்திலே கோப்பி நின்றது. மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு, இடையில் மறிப்பாக ஒரு காட்டுப்பட்டையும் இல்லாமல் ஒரே செடி. இலாபம் விரைவாக வேண்டியவனுக்கு இது சிறந்த ஒழுங்கு. நோய்க்கும் இதைவிடச் சிறந்த ஒழுங்கு வேறில்லை.

1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்சு அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசுகளை ஆராய்வதில் தலைசிறந்தவரான பார்க்லி பாதிரியார் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். 'நாசஞ் செய்வது' என்னும் பொருள் அப்பெயரின் பிற்பகுதியில் உண்டு. அயர்லாந்திலே 1845இல் தொடங்கி, பத்து இலட்சம் மக்களைப் பலிகொண்ட உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் காரணம் ஒரு பூஞ்சணமே என்று 1846இல் வாதிட்டவரும் இவரே. அமெரிக்காவிலிருந்து கடல்கடந்து வந்த ஒரு பயிர்நோய் ஒரு தீவையே பட்டினியில் ஆழ்த்தியதை ஏகாதிபத்தியம் தன் வாசலிலேயே கண்டிருந்தது. எனினும் அதிலிருந்து அது கற்றுக்கொண்டது மிகச் சொற்பம்.

துரைமார் முதலில் நோயைப் பொருட்படுத்தவில்லை. அதன் விஞ்ஞானப் பெயரைத் திரித்து 'நாசகாரி எமிலி' என்று கேலி பேசினர். கோப்பி விலை உயர்ந்துகொண்டிருந்தமையால், குறைந்த விளைச்சலிலும் இலாபம் வந்தது. மேலும் காடு வெட்டினர். மேலும் கோப்பி நட்டனர். இலை உதிர்ந்த மரம் மீண்டும் தளிர்த்தது. தளிரில் மீண்டும் பொடி படிந்தது. ஆண்டுதோறும் மரம் தளர்ந்தது.

வார்டின் அறிக்கையும் வலப்பனையின் வயல்களும்

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இந்நோயை ஆராய அனுப்பப்பட்டார். 1882 வரை இங்கிருந்து மூன்று அறிக்கைகள் எழுதினார். காற்றினாற் பரவும் வித்திகள் இலையில் விழுந்து, நீர்த்துளியில் முளைத்து, இலையின் அடிப்புறத்துத் துளைகள் வழியாக உட்புகுவதை அவர் காட்டினார். மலை முழுவதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்பதையும் எடுத்துரைத்தார். துரைமார் எதிர்பார்த்தது மருந்து. அவர் கொடுத்ததோ உண்மை. நோய் நாடெங்கும் வேரூன்றிய பின் அதனை ஒழிக்க வழியில்லை என்பதே அவ்வுண்மை. வந்தபின் விரட்டுவது இயலாதாயின், வருமுன் மறிப்பதே வழி. பயிர்த் தொற்றுத்தடைச் சட்டங்களின் அடிப்படைத் தத்துவம் இதுவே. எமது மலைகளில் அது 275,000 ஏக்கர் கோப்பியை விலையாகக் கொடுத்துக் கற்கப்பட்டது.

அவ்விலையை யார் கொடுத்தார்? வரலாற்று நூல்கள் 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்ததையும், துரைமார் பலர் நொடித்துப்போய்க் கப்பலேறியதையும் விரித்துரைக்கும். அவர்களுக்குக் கப்பலேற ஒரு வழி இருந்தது. நொடித்த தோட்டங்களில் உழைத்த தொழிலாளருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கியாய் நின்றது. கண்டிக் கிராமத்தவன் தன் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த கோப்பியையும் நோய் விடவில்லை. வயல்வரியைக் காசாகக் கட்ட அவனுக்கு உதவிய பயிர் அது. கோப்பி போயிற்று, வரி போகவில்லை. 1880களில் வலப்பனைப் பகுதியிலே வரி செலுத்த முடியாத குடியானவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. மக்கள் பட்டினியில் மடிந்தனர். 1892இலேதான் அவ்வரியை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. இலையில் விழுந்த பொடி மரத்தைத்தான் கொன்றது. மனிதரைக் கொன்றது, பொடியோடு சேர்ந்துகொண்ட வரியும் ஏலமுமே.

கோப்பிக்குப் பின் தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், 1890களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கர் அளவுக்குப் பரந்தது. இம்மாற்றம் செடியின் மாற்றம் மட்டுமன்று. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் மிகுதியான கைகள் வேண்டும். ஆகவே தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தவர்களுட் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்பட வேண்டிய பயிர். அதற்குக் குடும்பம் குடும்பமாக, பெண்களும் பிள்ளைகளுமாக, நிலைத்து வாழும் உழைப்பாளர் வேண்டும். வந்து போனவர்கள் இங்கேயே தங்கினார்கள், பிறந்தார்கள், மடிந்தார்கள், அந்த மண்ணுக்கே உரமானார்கள். மலையக மக்கள் என்ற ஒரு சமூகம் நிலைகொண்டதற்கு, தடுக்கப்படாமல் நுழைந்த ஒரு பயிர்நோயும் ஒரு காரணமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

மண்டபத்து முகாம்

செடிகள் தடையின்றி நுழைந்த அக்காலத்திலே மனிதர் எவ்வாறு நுழைந்தனர்? மன்னார்க் கரையில் இறங்கி, அரிப்பு வழியாகவும் பிற வழிகளாலும் மாத்தளையை நோக்கிக் காட்டுவழியே நடந்த அம்மக்களைக் காய்ச்சலும் வாந்திபேதியும் வழிநெடுகக் கொன்றன. அவர்களுடைய நோய் துரைமாரின் வாசலையும் நகரத்தாரின் வாசலையும் தட்டத் தொடங்கியபோது, தடுப்பு முகாம்கள் எழுந்தன. முதலில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையிலும், 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்தும் தொடங்கிய பின்னர் மண்டபத்திலும், இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு முகாம் நடத்தியது. தோட்டங்களுக்கு வருவோர் அங்கே சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டனர். அம்மை குத்தப்பட்டது. உடைமைகள் கிருமிநீக்கஞ் செய்யப்பட்டன. நோயில்லை என உறுதியான பின்னரே கப்பலேற்றப்பட்டனர்.

தொற்றுநோயை மறித்தது தவறு என்று நாம் கூறவில்லை. 'குவாரண்டைன்' என்ற சொல்லே, கப்பல்களை நாற்பது நாட்கள் கரையேறவிடாது நிறுத்திய வெனிசு நகரத்தாரின் வழக்கத்திலிருந்து பிறந்தது. கொள்ளைநோயிலிருந்து நகரங்களைக் காத்த நல்ல வழக்கமே அது. நாம் கேட்பது வேறு. கடற்கரையில் இத்துணை விழிப்பாயிருந்த அரசு, அம்மனிதன் தோட்டத்து லயத்தை அடைந்த பின் எங்கே போயிற்று? பத்தடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்து கிடந்தபோது, குடிநீரும் மலசலகூடமும் இல்லாது நோய் பெருகியபோது, அந்த விழிப்பு எங்கே உறங்கியது? அந்த முகாமின் நோக்கம் தொழிலாளியை நோயிலிருந்து காப்பதன்று. தொழிலாளியிடமிருந்து தோட்டத்தையும் நாட்டையும் காப்பதே. செடிக்குப் பேழை, மனிதனுக்கு முகாம். செடி மூலதனம் என்பதால் அதனை ஐயுறவில்லை. மனிதன் கூலி என்பதால் அவனையே நோயாகக் கண்டனர்.

சட்டம் பிறத்தல்

பயிர்நோய்க்கு நாடுகள் கூடி வேலியிடத் தொடங்கியதும் இழப்பின் பின்னரே. வட அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சரா என்னும் சிறு பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதன் விளைவாக 1878இல் பேர்ண் நகரிலே ஐரோப்பிய அரசுகள் உடன்படிக்கை செய்தன. அதற்கு முந்திய ஆண்டு, உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டு வாராதிருக்கப் பிரித்தானியா தனக்கொரு சட்டம் இயற்றிக்கொண்டது. இலங்கையின் கோப்பி மலைகள் வெளிறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. தன் வீட்டுக் கிழங்கைக் காக்க விரைந்த அரசு, தன் குடியேற்ற நாட்டுப் பயிருக்கு அதே விரைவைக் காட்டவில்லை. ஐக்கிய அமெரிக்கா 1912இலும், இந்தியா 1914இலும் சட்டம் கண்டன. இலங்கையின் 10ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924இல் வந்தது.

களை, பூச்சி, நோய் ஆகியன நாட்டினுள் நுழைவதையும் நுழைந்தவை பரவுவதையும் தடுப்பதே அச்சட்டத்தின் நோக்கம். அதன் வழிவந்த முறைகள் எளியவை. எனினும் ஆழமான பொருளுடையவை. செடி கொண்டுவருவோன் முன்கூட்டியே அனுமதி பெறல் வேண்டும். அனுப்பும் நாட்டின் அதிகாரி, செடி நோயற்றது எனச் சான்று தரல் வேண்டும். மண்ணோடு வரும் செடி ஐயத்துக்குரியது. இறங்கியதும் சோதனை, தேவையாயின் புகையூட்டல், மருந்திடல். இன்னும் ஐயமிருப்பின், தனியிடத்தில் வளர்த்துப் பார்த்தல். நோய் கண்டால் அழித்தல். இன்று கட்டுநாயக்காவிலுள்ள தேசிய சேவையும், துறைமுகத்திலும் கன்னொறுவையிலுமுள்ள நிலையங்களும் செய்யும் வேலை இதுவே. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றபோதும் அடிப்படை மாறவில்லை.

இவ்வேலி எத்துணை பெறுமதியுடையது என்பதை இறப்பரின் வரலாறு காட்டும். 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். கியூ பூங்காவில் முளைத்தவற்றுள் 1,900 அளவிலான கன்றுகள் 38 பேழைகளில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அமேசனில் இறப்பர் இலையைக் கருக்கி உதிர்க்கும் கொடிய பங்கசுநோய் ஒன்று உண்டு. விதையாய்ப் போய், குளிர்நாட்டுக் கண்ணாடி வீட்டிலே முளைத்து, அதன் பின் ஆசியாவுக்கு வந்ததால் மரம் வந்தது, நோய் வரவில்லை. எவரும் எண்ணிச் செய்யாத தொற்றுத்தடை அது. அந்நோய் இருக்குமிடத்தில் இறப்பரைத் தோட்டமாக வளர்க்க முயன்றவன் கதியை ஹென்றி போர்ட்டின் கதை காட்டும். 1928இல் பிரேசிலின் தபாசொஸ் ஆற்றங்கரையில் நகரமே அமைத்து இறப்பர் நட்டார் அக்கோடீசுவரர். நெருங்கி நின்ற மரங்களை இலைக்கருகல் அழித்தது. 1945இல் தோட்டங்களைப் பிரேசில் அரசிடமே விட்டகன்றார். உலகின் பெருஞ் செல்வனும் ஒரு பங்கசுவிடம் தோற்றான்.

1956இல் தென்கிழக்காசிய, பசுபிக் நாடுகள் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டபோது, இறப்பரின் அந்த அமெரிக்க நோயைத் தடுப்பதற்கென்றே தனி விதிகள் வகுத்தன. இலங்கையும் அதிற் பங்குகொண்டது. எமது நாட்டில் இறப்பர் பால் எடுப்போருட் பெருந்தொகையினர் சிறு காணிக்காரர். அவர்களுடைய சோற்றுக்கு அந்த விதிகள் காவல் நிற்கின்றன.

காற்றும் படையும்

வேலி எல்லாவற்றையும் மறிக்கும் என்று நாம் மயங்குதல் ஆகாது. அசாமில் 1868 முதல் அறியப்பட்டிருந்த தேயிலைக் கொப்புள நோய் நெடுங்காலம் வடகிழக்கு இந்தியாவை விட்டு நகரவில்லை. 1946இல் அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒருங்கே தோன்றியது. கோப்பியின் கதை மீளுமோ என்று மலைநாடு நடுங்கியது. மீளவில்லை. 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலையில் இயங்கிய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. செப்பு மருந்து இருந்தது. மருந்துக் கலத்தை முதுகிற் சுமந்து மழைக்கும் பனிக்கும் மலையேறித் தெளிக்கத் தொழிலாளர் இருந்தனர். தேயிலை பிழைத்தது.

தேயிலையைப் பிழைக்கவைத்த கைகளுக்கு நேர்ந்தது என்ன? இரண்டே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை இந்நாட்டுக்கு அந்நியராக்கியது. தேயிலை சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த செடி. அதனை இலங்கைப் பயிர் என்று உலகெங்கும் பெருமையோடு விளம்பரஞ் செய்தோம். அதனை நட்டவன் வெளியிலிருந்து வந்தவன்; அவனை வந்தேறி என்றோம். செடிக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதி! 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அங்ஙனம் அனுப்பப்பட்டவர்கள் கடல்கடந்து இறங்கியதும் தங்கவைக்கப்பட்ட இடங்களுள் முதன்மையானது மண்டபத்து முகாம். பாட்டனை நோய்க்கஞ்சி மறித்த அதே முகாம், பேரனை அகதியாய் ஏற்றுக்கொண்டது. நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் முழுமையாக வந்தது.

சட்டத்தின் வேலியை மீறுவது காற்று மட்டுமன்று, போரும் மீறும். வடக்கிலே இன்று வயலோரமும் தெருவோரமும் வெண்பூப் பூத்து நிற்கும் பார்த்தீனியக் களை 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1980களின் இறுதியில் இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அதன் விதை வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. படைகள் இறங்கும் துறையில் விதைச்சான்று கேட்கும் உத்தியோகத்தர் நிற்பதில்லை. புதிய பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டிலே, அச்சட்டம் எட்டமுடியாத நிலத்தில் ஒரு களை வேரூன்றி நின்றது. போர் கொன்றவர்களை நாம் எண்ணுகிறோம். போர் விதைத்தவற்றை, தோலரிப்போடும் மூச்சிழைப்போடும் களை பிடுங்கும் ஏழைக் கமக்காரனே இன்றும் எண்ணுகிறான்.

நுழைந்தவற்றின் பட்டியல் நீளமானது. 2006ஆம் ஆண்டளவில் வெலிகாமத்தில் வெளிப்பட்ட தென்னை வாடல் நோயைத் தெற்கிலேயே கட்டுப்படுத்த, நோய்ப்பகுதியிலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. 2018இன் இறுதியில், அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு சோளச்சேனைகளில் இறங்கியது. ஆயினும் அறிவு தோற்றுவிடவில்லை. 2008இல் வந்த பப்பாசி மாப்பூச்சியை, மறு ஆண்டிலே கொண்டுவரப்பட்ட ஒரு சிறு குளவியினம் அடக்கியது. இக்குளவியும் வெளிநாட்டு விருந்தாளியே. ஆனால் இம்முறை மூட்டை சோதிக்கப்பட்டது. ஆராய்ந்து, தனியே வளர்த்து, தீங்கில்லை எனக் கண்ட பின்னரே விடப்பட்டது. வெளியிலிருந்து வருவன எல்லாவற்றையும் அஞ்சுவதற்குத் தொற்றுத்தடை கற்பிக்கவில்லை. ஆராய்ந்து ஏற்கவே கற்பிக்கிறது.

வேலியைக் காப்பது யார்?

பயிர்நோய்ச் சட்டம் அறிவின் கையிலிருக்கும்போது கேடயம்; வல்லவன் கையிலிருக்கும்போது ஆயுதம். 2017 டிசம்பரில், ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு காணப்பட்டதென்று இரசியா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. இலங்கை கல்நார் இறக்குமதியைத் தடைசெய்யத் திட்டமிட்டிருந்த வேளை அது. கல்நாரின் பெரும் விற்பனையாளர் இரசியர். கல்நார்த் தடை ஒத்திவைக்கப்பட்டது. தேயிலைத் தடை சில நாட்களில் நீங்கியது. ஒரு வண்டின் பெயரால் என்னென்ன பேரம் நடக்கும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

2021இல் எதிர்மாறான ஒரு நிகழ்ச்சி. இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே நாளிற் போல நிறுத்திவிட்டு, சீன நிறுவனம் ஒன்றிடமிருந்து பெருந்தொகைச் சேதனப் பசளை வாங்க ஒப்பந்தஞ் செய்தது. மாதிரிகளைச் சோதித்த எமது விஞ்ஞானிகள், அவற்றிலே பயிர்களுக்குத் தீங்கு விளைக்கும் பற்றீரியா உண்டென அறிவித்து, அனுமதி மறுத்தனர். நிறுவனம் அம்முடிவை ஏற்கவில்லை. ஏறத்தாழ 20,000 தொன் பசளையோடு கப்பலை அனுப்பியது. கொடுப்பனவு நின்றதும், சீனத் தூதரகம் எமது அரச வங்கியொன்றைக் கரும்பட்டியலில் இட்டது. பல வாரங்கள் கடலில் அலைந்த கப்பல் பசளையை இறக்காமலே திரும்பியது. எனினும் 2022 சனவரியில் 67 இலட்சம் அமெரிக்க டொலர் அந்நிறுவனத்துக்குச் செலுத்தப்பட்டது. பணம் போயிற்று, ஆனால் வேலி நின்றது. ஆட்சியாளரும் அயல்வல்லரசும் ஒருபுறம் நிற்க, ஆய்வுகூடத்து அறிக்கையொன்றைக் கையிற் கொண்டு 'இயலாது' என்று சொன்ன அந்த உத்தியோகத்தர்களை மக்கள் மறத்தலாகாது. 1869இல் மடுல்சீமையில் அப்படிச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

ஆகவே, பயிர்த் தொற்றுத்தடையை நாம் வேண்டாம் என்று சொல்பவர்களல்லர். முழுமையாக வேண்டும் என்று கேட்பவர்கள். அதன் ஆய்வுகூடங்களுக்குப் பணமும் ஆளும் வேண்டும். அதன் விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் கமக்காரனுக்கு விளங்கும் மொழியில் அவன் வாசலுக்கு வரவேண்டும். நோயுற்ற தென்னையை நாட்டின் நலனுக்காக வெட்டு என்று ஏழைக்குக் கட்டளையிடும்போது, அவன் இழப்பை நாடே ஈடுசெய்தல் வேண்டும். பயறுக்கும் வெங்காயத்துக்கும் குரக்கனுக்கும், தேயிலைக்கு உள்ள அதே காவல் வேண்டும். மலை முழுவதும் ஒரே பயிர் என்னும் பேராசையை, வார்ட் எச்சரித்து ஒன்றரை நூற்றாண்டு ஆகும் வேளையிலாவது கைவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பயிரைச் சூழ வேலியிடுவது, அப்பயிரை உண்டு வாழும் மனிதருக்காக. தேயிலைச் செடியில் ஒரு கொப்புளம் கண்டால் நாடு பதறுகிறது. அச்செடியின் கீழே நிற்பவளின் லயத்துக் கூரை ஒழுகுவதைக் கண்டு பதறுவோர் எத்தனை பேர்? இலையை நோக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி எம்மிடம் உண்டு. அந்த இலையைக் கிள்ளும் விரல்களை நோக்க வெறுங்கண்ணே போதும்.